வெள்ளணுக்கள் கூறும் செய்தி

தலைநகரில் வாழும் நம்மவருக்குக் காய்ச்சல் கண்டால் இரத்தச் சோதனை அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் அண்டை வீட்டார் அதனை எம்மிடம் கொணர்வதுண்டு. அண்மையில் ஓர் அன்பர், கல்லூரியிற் பயிலும் தம் மகனுடைய அறிக்கையைக் காட்டி, “ஐயா, நோய் வந்தால் வெள்ளணு பெருகும் என்பார்கள். இதில் குறைந்திருக்கிறதே; காய்ச்சல் தணிந்துவிட்டது என்று கொள்ளலாமா?” என வினவினார். அவ்வாறு கொள்வது ஆபத்து. காரணத்தைக் காண்போம்.

வயது வந்தோர்க்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை நியூட்ரோபில்கள். 1882-ஆம் ஆண்டில், இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிகாவ் என்னும் ரஷ்ய அறிஞர் நட்சத்திர மீனின் இளவுயிரில் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாட் காலை, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. கிருமி நுழைந்தால் நம் உடலிலும் இத்தகைய முற்றுகையே நிகழ்கிறது.

குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்வோம். புண்பட்ட திசு இரசாயனப் பொருள்களால் செய்தி விடுக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவரையொட்டித் தங்கியிருந்த நியூட்ரோபில்கள் ஓட்டத்திற் கலக்கின்றன. எலும்பு மஜ்ஜையும் தன் சேமிப்பை அனுப்புகிறது. சில மணி நேரத்தில் எண்ணிக்கை 15,000-க்கு மேலும் ஏறலாம். தேவை மிகுந்தால் முதிராத அணுக்களும் புறப்படும். முதிர்ந்த அணுவின் உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருக்கும். இளையதன் உட்கருவோ வளைந்த பட்டைபோல் தோன்றும். கடும் நோயில் அணுவினுள் கருநிறத் துகள்களும் காணப்படும்.

ஆனால் எல்லா நோயிலும் எண்ணிக்கை ஏறுவதில்லை. டெங்குவிலும், பல வேளைகளில் டைபாய்டிலும், அது குறைகிறது. கிருமித் தாக்குதல் மிகக் கடுமையானால், செலவாகும் அணுக்களுக்கு மஜ்ஜை ஈடுகொடுக்க இயலாமற் போவதும் உண்டு. அக்குறைவு பேராபத்தின் அறிகுறி. மாறாக, கடும் உடலுழைப்பினாலும் ஸ்டீராய்டு மருந்தினாலும், கிருமியே இன்றி எண்ணிக்கை உயரக்கூடும்.

அன்பர் அன்று மாலையே மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். டெங்கு என்று தெரிந்தது. உரிய கவனிப்பில் பையன் தேறினான். அறிக்கையின் சொற்களைத் தமிழாக்க எம்மால் இயலும். அதன் பொருளை, நோயாளியை நேரிற் கண்ட மருத்துவரே உரைக்கவேண்டும்.