பாறையும் பலகாரக் கூடையும்

கடல் கடந்து குடியேறியோர் என்றவுடன், பெருஞ்செல்வம் ஈட்டியவர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். 2020 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் இணையவழித் தொலைக்காட்சியில் வெளியிட்ட ‘லிட்டில் அமெரிக்கா’ என்னும் தொடர், அவர்களை விடுத்து எளியோரை நாடிச் செல்கிறது. 2022-இல் இரண்டாம் பகுதியும் வந்தது. பகுதிக்கு 8 ஆக 16 கதைகள். யாவும் தனித்தனிக் கதைகள். உண்மை வாழ்க்கையைத் தழுவியவை.

உகாண்டா நாட்டுப் பெண்ணொருத்தி, தான் சுட்ட பிஸ்கோத்துகளைக் கூடையிலிட்டு விற்கிறாள். ஈரானியர் ஒருவர் வீடு கட்ட வாங்கிய மனையில் பெரும்பாறை நிற்கிறது. அதை உடைக்கப் போராடுகிறார். இந்தியப் பெற்றோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட, யூட்டா மாநிலத்தில் குடும்பத்தின் தங்கும் விடுதியைச் சிறுவனான மகன் ஏற்று நடத்துகிறான்.

அமெரிக்காவின் வாயில் என்றும் திறந்திருந்ததன்று. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 இந்தியர்க்கே இடமளித்தது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்யும் முறையை 1965-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியது. ஆயினும், உள்ளே வந்தவர் நிலைத்திருப்பதும் சட்டத்தின் கையில் என்பதற்கு அச்சிறுவனே சான்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அவ்வச்சம் இல்லை. இந்தியாவில் எங்கும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு அளித்துள்ளது. ஆயின், வந்த ஊர் சொந்த ஊராவது சட்டத்தால் மட்டும் நிகழ்வதன்று. அண்டை வீட்டார் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் நாளில்தான் அது தொடங்குகிறது. அந்தப் பாறையோடு போராடியவரும் வேண்டியது அதுவே.