இன்டர்நெட் மெயில் 2000

இன்டர்நெட் மெயில் 2000 என்பது மின்னஞ்சல் முறையை அடிப்படையிலிருந்தே மாற்றியமைக்க முன்வைக்கப்பட்ட ஒரு திட்டமாகும். கியூமெயில் மென்பொருளை எழுதிய அமெரிக்கக் கணிதவியலாளர் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் இதனை முன்மொழிந்தார். மடலைச் சேமித்து வைப்பது அனுப்புநரின் பொறுப்பு என்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும். ஸ்பாம் எனப்படும் எரிதங்களைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகவும் இது கருதப்பட்டது.

பின்னணி

தற்போதைய மின்னஞ்சலின் அடிப்படையான எஸ்எம்டிபி நெறிமுறை, 1982 ஆம் ஆண்டில் ஜோன் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இம்முறையில் மடல் உடனடியாகப் பெறுநரின் வழங்கிக்கு அனுப்பப்படுகிறது. அதன்பின் அதனைச் சேமிப்பதும் வடிகட்டுவதும் பெறுநர் தரப்பின் சுமையாகின்றன. அனுப்புநர் முகவரி உண்மையானதா எனச் சோதிக்கும் ஏற்பாடும் அந்த ஆவணத்தில் இல்லை. தபாலில் அஞ்சல்தலையின் விலையை அனுப்புபவரே செலுத்துகிறார். மின்னஞ்சலில் செலவின் பெரும்பகுதி பெறுபவரைச் சேர்கிறது. எரிதம் பெருகியதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

செயற்படும் முறை

1. மடல், அனுப்புநரின் சேவை வழங்குநரிடம் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடத்திலேயே தங்கும்.
2. மடல் காத்திருக்கிறது என்னும் சிறு அறிவிப்பு மட்டும் பெறுநருக்குச் செல்லும்.
3. பெறுநர் விரும்பினால் அனுப்புநரின் வழங்கியிலிருந்து மடலைப் பதிவிறக்கிக் கொள்வார்.
4. பதிவிறக்கம் உறுதியாகும் வரை அறிவிப்பு அவ்வப்போது மீண்டும் அனுப்பப்படும்.

நன்மைகள்

எரிதம் அனுப்புபவர், மடல்கள் படிக்கப்படும் வரை தம் வழங்கியை இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். எனவே அனுப்பிவிட்டு மறைந்துவிட இயலாது. அவ்வழங்கி முடக்கப்பட்டால், படிக்கப்படாத எரிதங்கள் அனைத்தும் ஒருசேரப் பயனற்றுப் போகும்.

விமர்சனங்கள்

* அறிவிப்பும் ஒருவகைச் செய்தியே. எரிதம் அனுப்புவோர் அறிவிப்புகளையே பெருமளவில் அனுப்பலாம்.
* இலட்சம் பேருக்கு ஒரே மடலை அனுப்ப ஒரு படியைச் சேமித்தாலே போதும். ஆகவே சேமிப்புச் செலவு எரிதம் அனுப்புபவருக்குப் பெரிய தடையாகாது.
* நச்சுநிரல்களால் கைப்பற்றப்பட்ட பிறரது கணினிகளை வழங்கிகளாகப் பயன்படுத்தலாம்.
* மடல் எப்போது படிக்கப்பட்டது என்பதை அனுப்புநர் அறிய முடிவதால் பெறுநரின் அந்தரங்கம் பாதிக்கப்படும்.
* அனுப்புநரின் வழங்கி பழுதடைந்தால், நேர்மையான மடல்களும் கிடைக்காமற் போகும்.

இன்றைய நிலை

இருபுறத்து மென்பொருட்களும் மாற வேண்டியிருந்ததால் இத்திட்டம் பரவலான பயன்பாட்டிற்கு வரவில்லை. மாறாக, பழைய முறையின் மீதே எஸ்பிஎஃப் (2006), டிகேஐஎம் (2007), டிமார்க் (2015) ஆகிய அடையாளச் சோதனைகள் சேர்க்கப்பட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் பின்பற்ற வேண்டும் என்னும் விதியை கூகுள் நிறுவனம் 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. எனினும், இச்சோதனைகள் மடல் எந்த ஆள்களப் பெயரிலிருந்து வந்தது என்பதையே உறுதிசெய்கின்றன. சொந்தமாக ஆள்களப் பெயர் வாங்கிய எரிதம் அனுப்புநரும் இவற்றில் தேறலாம். ஆகவே, சேமிக்கும் சுமையும் வடிகட்டும் சுமையும் இன்றும் பெறுநர் தரப்பிலேயே உள்ளன.

பெரிய கோப்புகளை இணைக்காமல், அவை சேமிக்கப்பட்டுள்ள இடத்தின் இணைப்பை மட்டும் அனுப்பும் இன்றைய வழக்கம் பெர்ன்ஸ்டைனின் கருத்தை ஒத்ததாகும்.