டோக்கியோவில் மொழி படிக்கப் போறீங்களா? முதல் 14 நாட்களில் என்ன செய்யணும், தவறினால் என்ன ஆகும்?

ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோவில் போய் இறங்கும் மாணவருக்கு முதலில் வரும் ஆசை, ஊரைச் சுத்திப் பார்ப்பதுதான். ஷிபுயா சிக்னலைக் கடக்கணும், அசகுசா கோயிலுக்குப் போகணும், அகிஹபாரா கடைகளில் ஒரு நாள் முழுக்க அலையணும். தப்பில்லை. ஆனால் தங்குமிடம் முடிவான நாளிலிருந்து 14 நாள் கெடு ஒன்று இருக்கிறது. அதைக் கோட்டை விட்டால் விசாவுக்கே சிக்கல் வரலாம்.

அது என்ன 14 நாள் கெடு?

நரிதா அல்லது ஹனேடா விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி, 'ஸைர்யூ கார்டு' எனப்படும் வசிப்பிட அட்டையைத் தருவார். அதில் முகவரி இருக்காது. மாணவர் தங்கப்போகும் பகுதியின் வார்டு அலுவலகத்துக்கு நேரில் போய் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கொடுப்பார்கள். டோக்கியோவின் 23 வார்டுகளில் இந்த அலுவலகத்தின் பெயர் 'குயாகுஷோ'.

14 நாளில் பதியாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தகுந்த காரணமில்லாமல் 90 நாள் தாண்டினால் வசிப்பிட அனுமதியையே ரத்து செய்யலாம். அட்டையை எப்போதும் கையில் வைத்திருப்பதும் கட்டாயம். பக்கத்துக் கடைக்குப் போனாலும்தான்.

அதே அலுவலகத்தில், அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடலாம். இதைச் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போட முடியாது, சேருவது கட்டாயம். சேர்ந்தால் சிகிச்சைக் கட்டணத்தில் பொதுவாக 30 சதவீதம் மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும். வருமானம் குறைவாக இருந்தால் சந்தாவும் குறையும்.

28 மணி நேரம்: பலர் சறுக்கும் இடம்

மாணவர் விசாவில் வந்தவர் அனுமதி இல்லாமல் பகுதிநேர வேலை செய்யக் கூடாது. புதிதாக வருபவர்கள் இந்த அனுமதியை விமான நிலையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். படிவத்தை முன்கூட்டியே நிரப்பி எடுத்துப் போவது நல்லது. அங்கே விட்டுவிட்டால், பிறகு குடியேற்ற அலுவலகத்துக்கு அலைந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அனுமதி கிடைத்தாலும் வாரம் 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. பள்ளியின் நீண்ட விடுமுறைக் காலத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை செய்யலாம். 'திங்கள் முதல் ஞாயிறு வரைதானே கணக்கு?' என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். எந்த நாளிலிருந்து எண்ணினாலும், தொடர்ந்து வரும் 7 நாட்களில் 28 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு கடைகளில் வேலை பார்த்தால் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. வாடிக்கையாளருடன் அமர்ந்து உபசரிக்கும் கேளிக்கை மதுக் கூடங்கள், பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களில் பாத்திரம் கழுவும் வேலைக்குக்கூட அனுமதி கிடையாது.

சரி, இதில் எவ்வளவு வரும்? 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. அதன்படி 28 மணி நேரத்துக்கு 32,564 யென், மாதத்துக்கு ஏறக்குறைய 1.3 லட்சம் யென். வாடகை, சாப்பாட்டுக்கு இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். பள்ளிக் கட்டணத்தையும் இதிலேயே கட்டிவிடலாம், கடனையும் அடைத்துவிடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கை நம்பிப் போனவர்கள்தான் கூடுதல் நேரம் வேலை செய்து, வகுப்பில் தூங்கி, வருகைப் பதிவு குறைந்து, விசா நீட்டிப்பில் சிக்கிக்கொள்கிறார்கள்.

முட்டையா, கோழியா?

வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் ஜப்பான் செல்போன் எண் கேட்பார்கள். செல்போன் வாங்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்பார்கள். மேலும், வந்து 6 மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்கு கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். இதனால்தான் பல மாணவர்களும் முதலில் அஞ்சலக வங்கியான 'யூச்சோ'வுக்குப் போகிறார்கள். கணக்கு வரும்வரை, செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டு போட்டுப் பணம் எடுக்கலாம்.

இன்னொரு விஷயம், பெயர். கதகானா எழுத்தில் எழுதும்போது கார்த்திக் 'காருதிக்கு' போல ஏதோ ஒன்றாக மாறிவிடுவார். என்னவாக மாறினாலும் வார்டு அலுவலகம், வங்கி, செல்போன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

இனி ஊர் சுத்தலாம்

முதலில் ஒரு சுய்கா அல்லது பாஸ்மோ அட்டை. ரயில், பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் போதும். வழி பழக யமனோதே ரயில்தான் சரி. பச்சைக் கோடு போட்ட இந்த ரயில் 30 நிலையங்களைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஷின்ஜுகுவில் மட்டும் கவனம். உலகிலேயே கூட்டம் அதிகமான அந்த நிலையத்தில் 200க்கும் மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் ஏறினால் அரை மணி நேரம் போச்சு. வழி தெரியாவிட்டால் தெருமுனையில் இருக்கும் 'கோபான்' என்ற சிறிய காவல் சாவடியில் கேட்கலாம். வழி சொல்வது அவர்களுக்கு அன்றாட வேலை. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், டாக்ஸி கட்டணமோ கட்டுப்படியாகாது.

மொழியைப் பொறுத்தவரை தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு. 'மிசே நி இகிமசு' என்றால் 'கடைக்குப் போகிறேன்'. மிசே என்றால் கடை, நி என்பது நம்ம 'க்கு', இகிமசு என்றால் போகிறேன். சொல் வரிசை அப்படியே பொருந்துகிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. எழுத்தில்தான் கஷ்டம். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 கான்ஜி எழுத்துகள் இருக்கின்றன.

பருப்பு, மிளகாய்த்தூள் தேடுபவர்கள் ஷின்ஜுகுவுக்கு அடுத்த நிலையமான ஷின்-ஓகுபோவில் இறங்கலாம். இந்தியக் குடும்பங்கள் அதிகம் இருப்பது எதொகாவா வார்டின் நிஷி-கசாயில்.