உங்களுக்குத் தெரியுமா? ரேடியோ வாய் திறந்தால் பணம் ஆடும்!

1978 ஜனவரி 16. காலை 9 மணி ஆகாசவாணிச் செய்தி. 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் இனி செல்லாது! ஆமாம், பத்தாயிரம் ரூபாய்க்கு ஒற்றை நோட்டு நம் நாட்டில் இருந்தது! மறுநாள் பேங்குகளுக்கும் மூடுவிழா. 2016-தான் முதல் அதிர்ச்சி என்று நினைத்தீர்களா? இது அதற்கு 38 வயது மூத்த அண்ணன்!

அதற்கும் முன்னால் 1969 ஜூலை 19, சனிக்கிழமை ராத்திரி. இந்திரா காந்தி ரேடியோவில் பேசினார். பேசி முடித்தபோது 14 தனியார் பேங்குகள் அரசாங்க பேங்குகள்! அந்த நேரத்தில் அப்பல்லோ 11 நிலாவை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தச் செய்தியைக் கேட்பது என்று ஜனங்கள் திண்டாடியிருப்பார்கள்!

பேங்கை மூடியதும் ரேடியோ, திறந்ததும் ரேடியோ! 1933 மார்ச்சில் அமெரிக்க பேங்குகள் மொத்தமும் இழுத்துப் பூட்டப்பட்டன. 12-ம் தேதி ஞாயிறு ராத்திரி அதிபர் ரூஸ்வெல்ட் மைக் முன்னால் உட்கார்ந்தார். பேங்க் என்றால் என்ன, நீங்கள் போட்ட காசை அது என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி விளக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டவர்கள் சுமார் 6 கோடி பேர்! மறுநாள் பேங்க் வாசலில் மறுபடி கியூ. பணத்தை எடுக்க இல்லை, போட! 15-ம் தேதி பங்குச்சந்தை திறந்தது. டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அந்த ஒருநாள் சாதனையை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை!

சேமிக்கச் சொல்லும் நிபுணர்களைக் கேட்டிருப்பீர்கள். சேமிக்காதே என்று ரேடியோவில் சொன்னவரைத் தெரியுமா? பொருளாதார மேதை கெய்ன்ஸ்! 1931 ஜனவரி, பிபிசி. நீங்கள் ஐந்து ஷில்லிங் மிச்சம் பிடித்தால் ஒருவருக்கு ஒருநாள் வேலை போகும், அதனால் பெண்களே, நாளைக்கே கடைக்குப் போய் வாங்கித் தள்ளுங்கள் என்றார். ஜனவரி தள்ளுபடி விற்பனை நேரம் வேறு. எத்தனை கணவன்மார்கள் ரேடியோவை முறைத்தார்களோ!

இன்னொரு பேச்சாளர். அமெரிக்கப் பாதிரியார் சார்லஸ் காஃப்லின். 1930களின் ரேடியோ நட்சத்திரம். வெள்ளியின் மதிப்பை உயர்த்தச் சொல்லி வாராவாரம் முழங்கினார். 1934-ல் அரசாங்கக் கருவூலம் வெள்ளியில் பணம் போட்டவர்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் யார் பெயர்? பாதிரியாரின் செயலாளர் பெயர்! எத்தனை அவுன்ஸ்? 5 லட்சம்!

ரேடியோவில் காசு கொடுத்து ஒலிபரப்பிய முதல் விளம்பரங்களில் ஒன்று எதற்குத் தெரியுமா? சோப்புக்கு இல்லை, டீத்தூளுக்கு இல்லை. அடுக்குமாடி வீட்டுக்கு! 1922 ஆகஸ்ட் 28, நியூயார்க். பத்து நிமிடப் பேச்சு, கட்டணம் 50 டாலர். ரியல் எஸ்டேட்காரர்கள் அன்றைக்கே உஷார்!

ரேடியோவில் பணத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட, ரேடியோ கம்பெனியின் மேல் பணத்தைக் கட்டியவர்கள் கதை இன்னும் பயங்கரம். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. பங்கு 1928 என்ற ஒரே ஆண்டில் 85 டாலரிலிருந்து 420 டாலருக்குத் தாவியது. இத்தனைக்கும் கம்பெனி அதுவரை ஒரு சென்ட் டிவிடெண்ட் கொடுத்ததில்லை! 1929-ல் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்த பிறகும் 100 டாலருக்கு மேலே நின்றது. 1932-ல் 3 டாலருக்குக் கீழே!

ஜப்பானில் தினமும் காலை 6:30-க்கு ரேடியோ உத்தரவு போடும், ஊரே கை கால் நீட்டும். உடற்பயிற்சி நிகழ்ச்சி! 1928-ல் இதைத் தொடங்கி வைத்தது விளையாட்டுத் துறையா, சுகாதாரத் துறையா? தபால் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு! ஐடியா வந்தது அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனியிடமிருந்து. பாலிசிதாரர் நீண்ட நாள் வாழ்ந்தால் யாருக்கு லாபம்? நீங்களே கணக்குப் போடுங்கள்!

இப்போது வருவது என் பொக்கிஷம். 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. பிபிசி அறிவிப்பாளர் மைக் முன் வந்தார். இன்று செய்தி எதுவும் இல்லை என்றார். அவ்வளவுதான்! மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். இந்தத் துணுக்கு பல இடங்களில் வந்துவிட்டது. ஆனால் அதே நாள், அதே தேதியில், சிட்டகாங்கில் என்ன நடந்தது என்று சேர்த்துப் பார்த்தீர்களா? புரட்சியாளர் சூர்யா சென் குழு பிரிட்டிஷ் ஆயுதக் கிடங்கைத் தாக்கியது! கடிகாரக் கணக்குப்படி பியானோ ஒலித்த நேரத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. கூடவே தந்தி, டெலிபோன் கம்பிகளையும் துண்டித்துவிட்டார்கள். பிறகு எப்படிச் செய்தி போகும்!

அதே பிபிசி ஆரம்ப நாட்களில் மாலை 7 மணிக்கு முன் செய்தியே வாசிக்கக் கூடாது. பத்திரிகை விற்பனை படுத்துவிடுமாம்! ராத்திரி அறிவிப்பாளர்கள் விருந்துக்குப் போவதுபோல் கோட்டு சூட்டில் வரவேண்டும். கேட்பவருக்கு எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்!

இன்னொரு கூத்து. இன்னும் 14 நாட்களுக்குள் நாடாளுமன்றம் விவாதிக்கப்போகும் விஷயத்தை பிபிசி விவாதிக்கக் கூடாது! 1956 வரை இந்த விதி இருந்தது. நடப்பு நிகழ்ச்சியைப் பேசுங்கள், ஆனால் நடப்பதைப் பேசாதீர்கள்!

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் பிரிட்டனைக் கட்டிப்போட்ட விவாத நிகழ்ச்சி ‘பிரெய்ன்ஸ் ட்ரஸ்ட்’. நேயர்கள் எதைக் கேட்டாலும் அறிஞர் குழு பதில் சொல்லும். அதன் சூப்பர் ஸ்டார் தத்துவ அறிஞர் ஜோட். 1948-ல் ரயிலில் டிக்கெட் எடுக்காமல் போய் மாட்டிக்கொண்டார்! அபராதம் வெறும் 2 பவுண்டு. போனது பிபிசி வாழ்க்கையே!

பெண்களுக்கான ‘உமன்ஸ் அவர்’ நிகழ்ச்சி பிபிசியில் 1946 அக்டோபர் 7-ல் பிறந்தது. இன்னும் ஓடுகிறது. முதல் தொகுப்பாளர் யார்? ஆலன் ஐவிமே. ஆண்!

பிபிசியின் ‘ஆர்ச்சர்ஸ்’ நாடகம் 1951-லிருந்து ஓடுகிறது. எபிசோடுகள் 20,000 எப்போதோ தாண்டியாச்சு! போருக்குப் பிறகு விவசாயிகளுக்கு விளைச்சல் யோசனை சொல்லத்தான் கதையே கட்டினார்கள். நம் மெகா சீரியல்கள் எல்லாம் இதன் முன் கைக்குழந்தை!

விவசாயம் என்றதும் தஞ்சாவூர் ஞாபகம் வருகிறதா? வரணும்! 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லை திருச்சி வானொலி விடாமல் புகழ்ந்தது. விவசாயிகள் நம்பி விதைத்தார்கள். விளைந்த நெல்லோடு ரேடியோவின் பெயரே ஒட்டிக்கொண்டது! உரக் கம்பெனியால் முடியாததை ஒரு மர்பி ரேடியோப் பெட்டி செய்தது.

புனே பக்கம் 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை. சுமார் 150 கிராமங்கள், 20 ஒலிபரப்புகள். கேட்டதும் எழுந்து போகக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கணும், முடிவெடுக்கணும், சந்தேகத்தை நிலையத்துக்கு எழுதணும்!

தான்சானியா 1973-ல் இதையே உடல்நலத்துக்குச் செய்தது. ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர்! பேசிவிட்டுக் கலையவில்லை, கழிப்பறைக் குழி வெட்டப் போனார்கள்!

சென்னைக்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். பம்பாயில் ஒலிபரப்புக் கம்பெனி வந்தது 1927-ல். நம் மெட்ராஸில் ரேடியோ கிளப் ஒலித்தது 1924-லேயே! டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். ஒரு பழைய குண்டு பல்பு அளவு! மூன்றே ஆண்டில் காசில்லாமல் மூடியது. அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு 1930 முதல் 1938 வரை ரேடியோ நடத்தியது யார்? மெட்ராஸ் கார்ப்பரேஷன்!

பம்பாய்க் கம்பெனி மட்டும் தப்பித்ததா? 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தை நம்பி உட்கார்ந்தது. மொத்த நாட்டிலும் லைசென்ஸ் எடுத்தவர்கள் 8,000 பேர்கூட இல்லை! 1930-ல் திவால்!

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு? 1977 ஜூலை 23, மெட்ராஸ். முதல் கேம்பஸ் சமுதாய வானொலி? 2004, அண்ணா பல்கலைக்கழகம். இரண்டுமே நம்ம ஊர்!

வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் என்ன படித்தவர்? இலக்கியமா, தத்துவமா? வேளாண்மை! நவீன வாழ்க்கையின் சிக்கலையெல்லாம் சில நிமிடங்களில் அவிழ்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஜோக் சொல்வார். ஊரே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்!

1941-ல் லண்டனிலிருந்து தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு ஓய்ந்தது 2017-ல். 76 ஆண்டுகள்!

2001-ல் இந்தியாவில் தனியார் எஃப்.எம். வந்தது. சினிமா பேசலாம், காதல் பேசலாம், மாமியார் பிரச்சினை பேசலாம். சொந்தமாகச் செய்தி வாசிக்கத் தடை! ஆகாசவாணியோ 1974 முதலே சமஸ்கிருதத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது!

கடனிலிருந்து மீள ஆலோசனை சொல்லும் அமெரிக்க ரேடியோ பிரபலம் டேவ் ராம்சே. 1992-லிருந்து பேசுகிறார். கடனை அடைத்த நேயர்கள் போன் போட்டுத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவரது தகுதி? 1988-ல் அவரே திவால் நோட்டீஸ் கொடுத்தவர்! பட்டவனிடம் கேட்பதுதான் புத்தி.

அமெரிக்க ரேடியோவின் ‘மார்க்கெட்பிளேஸ்’ நிகழ்ச்சியில் பங்குச்சந்தை ஏறினால் ஒரு பாட்டு, இறங்கினால் புயல் பாட்டு, கலவையாக இருந்தால் மூன்றாவது பாட்டு. சமையலறையில் இருந்தபடியே இசையைக் கேட்டுச் சந்தை நிலவரம் சொல்லிவிடலாம்!

அங்கேயே ‘பிளானட் மணி’ நிகழ்ச்சியின் நிருபர்கள் ஒருபடி மேலே போனார்கள். உலகையே கவிழ்த்த வீட்டுக்கடன் பத்திரத்தில் ஒரு துண்டை 2010-ல் சொந்தக் காசு 1,000 டாலர் போட்டு வாங்கினார்கள். செல்லப் பெயரெல்லாம் வைத்தார்கள். திரும்பி வந்தது 449 டாலர்!

அமெரிக்க ரேடியோ இரு தரப்பையும் பேசவைக்க வேண்டும் என்ற விதி 1987-ல் ஒழிந்தது. அடுத்த ஆண்டே ஒரு தரப்பை மட்டும் பேசி நாடு முழுக்கக் கிளம்பினார் ரஷ் லிம்பா. 2008-ல் அவர் போட்ட ஒப்பந்தம் எட்டு ஆண்டுக்கு 40 கோடி டாலர்! ஞாயிறு, லீவு, தூங்கிய நாள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 1,36,000 டாலருக்கு மேல்!