கதிர்பட்ட பழ ஈயும் பாகற்றோட்டமும்

கமக்காரர்களே! பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரி பயிரிடுவோர் பழ ஈயை நன்கறிவர். அது பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழுக்கள் உள்ளிருந்து தசையைத் தின்னக் காய் கோணி, அழுகி, உதிரும். மேலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை. இவ்வீயை யப்பானியர் ஒக்கினாவாத் தீவுகளிலிருந்து 1993 ஆம் ஆண்டளவில் முற்றாக ஒழித்தனர். ஈயைக் கொண்டே ஈயை ஒழித்த அம்முறையைக் கரைத்தீவுக் கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

அங்கே ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழு ஈயாக வெளிவர இரண்டு மூன்று நாட்கள் இருக்கையில் கோபாற்று 60 இன் காமாக் கதிர்களை அதன்மீது செலுத்தினர். அளவு 70 கிறே. அந்நாளைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. விரைந்து பிரியும் கலங்களையே கதிர் பெரிதும் தாக்கும். கண், கால், சிறகு முதலியன அதற்குள் பெரும்பாலும் உருவாகிவிடும்; விந்தை ஆக்கும் கலங்களோ இன்னும் பிரிந்துகொண்டிருக்கும். அவை மடியும். முன்னரே உருவான விந்திலும் நிறமூர்த்தங்கள் சிதைந்துவிடும். ஆதலின் ஆணீ பறந்து பெண்ணீயைக் கூடும், விந்து முட்டையை அடையும், முட்டை பொரியாது.

கதிர் குறைந்தால் சில மூலக்கலங்கள் தப்பிவிடும். அவை மீண்டும் பிரிந்து புது விந்தை ஆக்க, மலட்டு ஈ வளம் பெற்றுவிடும். (மனிதரிலும் இஃதுண்டு: சிறிதளவு கதிர் பட்டால் விந்து குறைந்து, மாதங்கள் பல சென்றபின் மீளும்.) கதிர் மிகுந்தாலோ ஈ நலிந்து, தோட்டத்து ஆணீயோடு போட்டியிட மாட்டாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கண்டதே இம்முறையின் உயிர்நிலை என்பேன். காமாக் கதிர் பட்ட ஈயின் உடலிற் கதிர் தங்குவதில்லை. அது அமர்ந்த காயை உண்ண அஞ்சவேண்டா.

தோட்டத்து ஈக்கள் மலிந்திருந்தால் மலட்டு ஈக்கள் எத்தனை விட்டும் பயனில்லை. எனவே ஆணீயைக் கவரும் மருந்தினால் முதலில் அவற்றைக் குறைத்தனர். முதல் வெற்றி 1978 இல், கடல் சூழ்ந்த குமே தீவிற் கிடைத்தது. நம் தோட்டங்களுக்கு அத்தகைய கடல்வேலி இல்லை. அயற்றோட்டத்து ஈ தடையின்றி வரும்.

மலட்டு ஈயை விடுதல் தனியொரு கமக்காரரால் ஆகாது. ஈயைக் குறைத்தல் உங்களால் ஆகும். உதிர்ந்த காய்களை வேலியோரம் எறியாதீர்கள். நாள்தோறும் பொறுக்கித் தடித்த பொலித்தீன் பையிலிட்டு, இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். பிஞ்சு பிடித்தவுடன் கடதாசிப் பையால் மூடுங்கள். கூட்டுப்புழு மண்ணிலேயே கிடப்பதால், அறுவடை முடிந்ததும் பந்தலின்கீழ் மண்ணைக் கொத்திப் புரட்டுங்கள். இவற்றை அயலவரோடு ஒரே வாரத்திற் செய்யுங்கள்.