ஏழாவது தந்தி – 9: ஹார்ப் வாசித்த கை

வில்னியஸில் பிறந்த ஆந்திரே சிக்ரா மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நடத்திய கிதார் பத்திரிகைக்கு இன்று போக வேண்டும். ஆனால், இந்த வாரம் முழுக்க அவருடைய கிதாரின் சுருதி என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முதலில் அது.

நமக்குப் பழக்கமான ஆறு தந்தி கிதாரில் கீழ்த்தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒரே ஓர் இடம் தவிர, பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே ஸட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரம். ரஷ்ய ஏழு தந்தி கிதாரில் டி, ஜி, பி, டி, ஜி, பி, டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ப ஸ க ப ஸ க ப. காந்தாரம், அந்தர காந்தாரம். இடது கை தொடவே வேண்டாம். வலது கையால் ஏழையும் வருடினால் ஜி மேஜர் கார்ட் முழுசாக எழுந்து நிற்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒரே விரலைக் குறுக்கே அழுத்தினால் சி மேஜர், ஏழாவதில் டி மேஜர். ஒரு நாட்டுப்பாடலுக்குத் துணை வாசிக்க இந்த மூன்றே பெரும்பாலும் போதும். வீட்டுக் கூடங்களில் பாடுகிறவர்கள் இந்த வாத்தியத்தை ஏன் அப்படி அணைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சிக்ரா ஹார்ப் கலைஞர். ஹார்ப்பில் மீட்டிய தந்தி, கை வைத்து அடக்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்தது படரும். அந்தப் படர்தலைத்தான் அவர் கிதாரில் தேடினார். தந்திகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சுருதியில் இருப்பதால், மெட்டை ஒரே தந்தியில் ஓட்டாமல் இரண்டு மூன்று தந்திகளில் பிரித்துப் போட முடியும். ரஷ்ய நாட்டுப்பாடல்களை எடுத்து அவர் எழுதிய வேரியேஷன்களில் என்னைக் கட்டிப்போடுவது இதுதான். இடது கைக் கட்டைவிரலும் சும்மா இருக்காது. கழுத்துக்கு மேலே வளைந்து வந்து கீழ்த்தந்திகளை அழுத்தும்.

அந்த ஏழாவது தந்தியைச் சேர்த்ததே சிக்ராதான் என்று 1854-இல் ஸ்தஹோவிச் என்ற ரஷ்ய எழுத்தாளர் எழுதினார். ஆனால் இக்னாத்ஸ் ஹெல்ட் என்ற செக் இசைக்காரரின் ஏழு தந்தி கிதார்ப் பாடநூல் 1798-லேயே பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்துவிட்டது. எனவே கண்டுபிடித்தவர் பட்டத்துக்காகச் சண்டை போட எனக்கு மனமில்லை. தந்தியை யார் சேர்த்திருந்தாலும், அதற்கென்று வாசிக்க ஓர் இசையையும் வாசிக்க ஒரு தலைமுறையையும் உண்டாக்கியது சிக்ராதான்.

அந்த இசை மறைந்துபோனதற்கும் இதே சுருதிதான் காரணம் என்பது நெஞ்சை அறுக்கிறது. 1926-இல் ஸ்பானிய ஆறு தந்தி கிதார் கலைஞர் செகோவியா சோவியத் நாட்டுக்கு வந்து வாசித்தார். மேடைக்கு ஆசைப்பட்டவர்கள் ஆறு தந்திக்குத் திரும்பினார்கள். சிக்ராவின் பக்கங்களை ஆறு தந்தியில் அப்படியே வாசிக்க முடியாது. மாற்றி எழுதினால் அந்தப் படர்தல் செத்துவிடும். பாட்டுக்குத் துணையாக ஏழு தந்தி பிழைத்தது. அதற்கென எழுதிய தனி இசை அலமாரிக்குப் போயிற்று. ஒலேக் திமோஃபெயெவ் 1999-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். வாத்தியத்தையும் கையில் எடுத்து வாசித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள்.

சிக்ராவின் மாணவர்களில் ஒருவரையாவது சொல்லிவிடுகிறேன். செம்யோன் அக்ஸ்யோனவ் அரசு அதிகாரி. தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மணியோசை போன்ற ஹார்மோனிக்ஸ் எழுப்புவதில் பேர்போனவர். மாஸ்கோவுக்கு அருகே, கவிஞர் ஹெராஸ்கோவின் ஒச்சாகவோ பண்ணையில், அடிமைக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு இவர் கிதார் சொல்லிக்கொடுத்தார். பையன் பெயர் மிகாயில் விசோத்ஸ்கி, பிறந்தது 1791. (இருபதாம் நூற்றாண்டுப் பாடகர் விளாதிமிர் விசோத்ஸ்கி வேறு, அவர் கையிலும் ஏழு தந்திதான்.) பின்னாளில் மாஸ்கோவே அவர் வாசிப்பில் சொக்கிக் கிடந்தது. இளம் கவிஞர் லெர்மந்தோவ் அதைக் கேட்டுத்தான் ‘ஒலிகள்’ என்ற கவிதையை எழுதினார் என்பார்கள்.

பத்திரிகைக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரமும் விசோத்ஸ்கிதான் முதலில். 1837-இல் வறுமையில் இறந்த அவரைத் தாண்டிவிட்டு பீட்டர்ஸ்பர்க்குக்குப் போக என்னால் முடியாது.

(தொடரும்)