தூளிப் புடவை, பாச்சை உருண்டை, ஒரு என்சைம்

இந்த எபிசோடை திருவண்ணாமலையில் எங்க வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். இன்னைக்கு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பின்னால் சத்தம் கேட்டா கோச்சுக்காதீங்க.

என் அக்காவுக்கு மூணு மாசம் முன்னாடி ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்றே அம்மா பீரோவில் இருந்து பழைய காட்டன் புடவையை எடுத்து தூளி கட்டினாங்க. இரண்டு நாளில் குழந்தைக்கு கண், உடம்பெல்லாம் மஞ்சள். "பிறந்த புள்ளைக்கு இது சகஜம், இளவெயில்ல காட்டு" என்றார்கள் தெருவில். ஆனால் மஞ்சள் வேகமாக ஏறியது, பால் குடிக்கவே எழவில்லை. ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு டாக்டர் கேட்ட கேள்வி எங்களுக்குப் புரியவே இல்லை: "துணியில பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தீங்களா?"

போட்டுத்தான் வைத்திருந்தோம். அதற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்ததும் ஹெக்ஸோகைனேஸ் என்ற என்சைம் அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். கையில் பட்டை கட்டிவிட்ட மாதிரி. இனி அது வெளியே போக முடியாது. அந்த பாஸ்பேட் வருவது ஏடிபியில் இருந்து. (சின்ன இடைச்செருகல்: ஏடிபியை 1929-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார்.)

பட்டை கட்டிய குளுக்கோஸ் நிற்பது ஒரு முச்சந்தியில். முதல் பாதையில் போனால் அதை உடைத்து ஏடிபி எடுக்கலாம். இரண்டாவது, கிளைக்கோஜனாகச் சேர்த்து வைப்பது. இன்னைக்கு 14 கிலோமீட்டர் நடக்கிறவர்களின் காலில் இந்த இரண்டும்தான் ஓடிக்கிட்டிருக்கு. மூன்றாவது, பென்டோஸ் பாஸ்பேட் பாதை. அதன் வாசலில் நிற்கும் என்சைமின் பெயர் ஜி6பிடி.

எந்தப் பாதை என்று யார் முடிவு பண்றது? சாஃப்ட்வேர் ஆளாக நான் ஒரு கன்ட்ரோல் ரூமைத் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. ஹார்மோன் ஒரு பக்கம் சொல்லும்தான், ஆனால் செல்லுக்குள் பெரும்பாலும் சரக்கு இருப்பே முடிவு பண்ணுகிறது. ஏடிபி நிறைய இருந்தால், அது முதல் பாதையில் உள்ள பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் மேல் போய் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். மூன்றாவது பாதையில் தயாராவது என்ஏடிபிஹெச். அது செலவானால் என்ஏடிபி மிஞ்சும். ஜி6பிடி வேலை செய்ய அந்த என்ஏடிபிதான் வேண்டும், அதனால் செலவு கூடக்கூட வாசல் தானாகத் திறக்கும். ஆர்டர் வந்தால்தான் அடுப்பு பற்றும்.

இப்போ சிவப்பணுவுக்கு வருவோம். அதில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, நியூக்ளியஸும் இல்லை. நாள் முழுக்க ஆக்சிஜன் சுமக்கிறதால் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி அரிக்கிற பொருட்கள் உள்ளேயே உருவாகிக்கிட்டே இருக்கும். அவற்றை அடக்குவது குளுட்டாதயோன், அதை மறுபடி வேலைக்குத் தயார் பண்ணுவது என்ஏடிபிஹெச். மற்ற செல்களுக்கு என்ஏடிபிஹெச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு அந்த மூன்றாவது பாதை மட்டும்தான்.

குழந்தைக்கு அந்த வாசல்காரன் பலவீனம். சாதாரண நாளில் சமாளித்துவிடும். பாச்சை உருண்டை என்பது நாப்தலின். அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய், உடம்பில் அரிக்கும் பொருளாக மாறும். ஆர்டர் குவியுது, அடுப்பு பற்றவில்லை. ஹீமோகுளோபின் கெட்டு, அணுக்கள் உடைந்து, பிலிரூபின் ஏறி, மஞ்சள். அவ்வளவுதான் கதை.

இந்தக் குறைபாடு பிடிபட்டது மலேரியா மருந்தால். பிரைமாகுவின் சாப்பிட்ட சிலருக்கு மட்டும் ரத்தம் உடைவது ஏன் என்று, அமெரிக்காவில் இல்லினாய் சிறைக் கைதிகளை வைத்து ஆராய்ந்தவர்கள் 1956-ல் ஜி6பிடி குறைவைக் கண்டார்கள். கைதிகள் மேல் சோதனை செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு.

குழந்தை இப்போ நல்லா இருக்கான். ஆனால் டாக்டர் டெஸ்டைத் திரும்ப எடுக்கச் சொன்னார். சிவப்பணுவால் புது என்சைம் செய்ய முடியாது. அதனால் ரத்தம் உடையும்போது வயசான அணுக்கள்தான் முதலில் போகும், மிஞ்சும் இளசுகளில் என்சைம் கொஞ்சம் அதிகம். அந்த நேரத்தில் எடுத்த ரிசல்ட் நார்மல் மாதிரி ஏமாற்றலாம்.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. அக்காவுக்கு அது அம்மா வழியாக வந்திருந்தால் எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எடுத்துப் பார்த்தேன், எனக்கும் குறைவு. இத்தனை வருஷம், இத்தனை கிரிவலம், ஒன்றும் தெரியவில்லை. இப்போ எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிடுறேன். அம்மா பீரோவைக் காலி பண்ணி, உருண்டைகளைத் தூக்கிப் போட்டு, துணியெல்லாம் துவைத்து மாடியில் காயப் போட்டாங்க.

கடைசியா ஒன்று. நெட்டில் பார்த்தால் 'பிராட் பீன்ஸ் சாப்பிடக் கூடாது' என்று இருக்கும். நம்ம ஊரில் அவரைக்காயையும் பிராட் பீன்ஸ் என்றுதான் சொல்றோம், அம்மாவும் ஒரு மாசம் அவரைக்காயே வாங்கவில்லை. அங்கே சொல்வது ஃபாவா பீன்ஸ், அது வேறு செடி. ரத்தத்தை உடைக்கும் வைசின், கான்வைசின் அதில்தான் இருக்கு. டாக்டரிடம் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம். நேற்று வீட்டில் அவரைக்காய் பொரியல்.